இருபத்திரண்டு நூலில் ஒரு பாட்டு

“இது பாட்டுங்களா? போர்வெல் வண்டிக்காரன் இரும்புக் கொழாயத் தார் ரோட்டுல தரதரன்னு இழுத்துட்டுப் போறாப்பல இருக்குது. இதையக் கேக்கறதுக்கா என்ற மண்டையில ஓட்டை போட்டீங்க?”

வசந்தாமணி இதை ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் அப்புசாமியிடம் சொன்னாள், மகள் கிருத்திகாவிடம் சொன்னாள், பால் ஊற்ற வந்தவரிடம் சொன்னாள். மீட்டர் பார்க்க வந்தவர் பைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த பாவத்துக்கு அவரையும் நிற்கவைத்துச் சொன்னாள். அவர் அன்றிலிருந்து தெரு முனையிலேயே பாட்டை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

அப்புசாமி ஒவ்வொரு முறையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் போல ஒரே பதிலைத்தான் சொல்வார்.

“பழகோணும் புள்ள. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? பழகோணும்னாங்க.”

“நீங்க பேசறதயே முப்பது வருசமாப் பழகிட்டேன். அதுக்கு மேல ஒண்ணு பழகோணுமா?”

எடப்பாடியிலிருந்து பூலாம்பட்டி போகிற வழியில் அவர்கள் தோட்டம். கிணறு வறண்ட வருடம் அப்புசாமி களத்து ஓரமாக நீளக் கொட்டகை ஒன்று போட்டு ஆறு விசைத்தறிகளை இறக்கினார். வசந்தாமணிக்கு அப்போது இருபத்தைந்து வயது. அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு ‘டக்கட டக்கட’ என்று தொடங்கினால் பொழுது சாயும்வரை அதே ‘டக்கட டக்கட’. அந்தக் கொட்டகைக்குள் காது என்பது கம்மல் போடுவதற்கு மட்டும்தான். மற்ற வேலையெல்லாம் கண்ணும் கையும் பார்த்துக்கொள்ளும். இரண்டு விரலைக் கத்தரி போல வெட்டிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் குவித்துக் காட்டினால் டீ வந்துவிட்டது. மூக்கைத் தொட்டுக் காட்டினால் அப்புசாமி வருகிறார்.

மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அதில் வசந்தாமணியை அடிக்க ஆளில்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு பேசினாலும் பிடித்துவிடுவாள். மூன்று காடு தள்ளி வரப்புச் சண்டை நடந்தால், இங்கே நின்றபடியே இரண்டு பக்க வசனத்தையும் அந்தந்தக் குரலில் சொல்லிக்காட்டுவாள்.

இப்படிப்பட்டவளுக்குக் காது போனால் யாருக்குத் தெரியும்? குளத்துக்குள் நனைந்தவனைத் தேடுவது போலத்தான். நாலு வருடம் அவளுக்கே தெரியவில்லை.

தெரியவைத்தது மின்தடை. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்துவார்கள். தறி நின்றதும் ஊரே தலையில் தண்ணீர் ஊற்றியது போல் அமைதியாகிவிடும். அந்த நாட்களில்தான் வசந்தாமணியின் பாட்டு வெளியே கேட்கும். மற்ற நாட்களிலும் பாடுவாள். தறியின் தாளத்துக்கே பாடுவாள். ஆனால் தறிதான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். மின்தடை நாளில் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் கீரையோ வெங்காயமோ எடுத்துக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல குரல். மேலே போகும்போது நடுங்காது.

ஆனால் அந்த ஒரு மின்தடை நாளில் பாட்டு எங்கெங்கோ போனது. செக்கிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு போல ஒவ்வொரு வேலியாக இடித்தது. கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடி முடித்தவள் மகளை அருகே கூப்பிட்டு, காதோடு காதாக ரகசியம் சொன்னாள்:

“பிரவீனா நோம்பிக்குக் கட்டியிருந்தா பாரு ஒரு சேலை, அது அவ நாத்தனாகிட்ட எரவல் வாங்குனது!”

தறிக்கூடத்துக் குரலில் சொல்லப்பட்ட ரகசியம். பக்கத்துத் தோட்டத்துப் பிரவீனா சுவருக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உருவுகிற சத்தம் நின்றது. மூன்று வாரம் பேச்சும் நின்றது. கிருத்திகா மட்டும் அம்மாவை உற்றுப் பார்த்தாள். மறுநாள் பின்னால் நின்றுகொண்டு, “அம்மா, சட்டி தீயுது” என்றாள். வசந்தாமணி திரும்பவில்லை. சட்டியும் உண்மையிலேயே தீய்ந்துகொண்டிருந்தது.

சேலத்தில் சோதித்தார்கள். உள்காதில் சத்தத்தைப் பிடிக்கிற நுண்ணிய மயிர்கள் உண்டாம். ஆயிரக்கணக்கில் இருக்கவேண்டியது, அவளுக்கு அறுவடை முடிந்த காடாக இருந்தது. தறி பாதியைத் தின்றிருக்கும், மீதியை எது தின்றது என்று தெரியவில்லை என்றார் டாக்டர். காதில் மாட்டுகிற சாதாரண மெசின் சத்தத்தைப் பெரிதாக்கியதே தவிரப் பேச்சாக்கவில்லை. அறுவைசிகிச்சை செய்து தலைக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி நத்தை ஓட்டுக்குள் போவது போல உள்காதுக்குள் சுற்றிக்கொண்டு போகும். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெசின். அதன் வட்ட வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து வீட்டில் ஊக்கு காணாமல் போனால் முதலில் வசந்தாமணியின் தலையைத்தான் பார்ப்பார்கள்.

மெசினை முதன்முதலாக இயக்கிவைத்தது யாழினி. கேட்கும் பயிற்சி தருகிற இளம்பெண். வீடியோ எடுக்கக் கிருத்திகா தயாராக நின்றாள். அப்புசாமி எண்ணெய் தடவித் தலைவாரி வந்திருந்தார். யாழினி கையைக் காட்டியதும் குழைந்த குரலில், “வசந்தா...” என்றார்.

வசந்தாமணி அறை முழுக்கத் தேடிவிட்டுக் கேட்டாள்: “வாத்து எங்கிருந்து வந்துது?”

அந்த வீடியோவை அப்புசாமி அழிக்கச் சொன்னார். கிருத்திகா அழிக்கவில்லை.

“எல்லாருக்கும் மொதல்ல இப்படித்தாம்மா கேக்கும்,” என்றாள் யாழினி. “கம்பியில இருபத்திரண்டு எடம் இருக்கு. அதுலருந்துதான் நரம்புக்குச் சேதி போகும். அதைப் பேச்சா மாத்தறது உங்க மூளை. கேக்கறது காதில்லம்மா, மூளைதான்.”

வசந்தாமணி யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அது.

“ஏனம்மிணி, நாலாயிரம் நூலு பாவு ஓடுற எடத்துல இருபத்திரண்டு நூலு ஓட்டுனா அது சேலையா, கொசுவலையா?”

யாழினி சிரித்துவிட்டாள். “கொசுவலைதாம்மா. ஆனா உங்க மூளை ஏற்கனவே சேலை பாத்த மூளை. கொஞ்சம் கொஞ்சமா அதுவே பூப் போட்டுக்கும்.”

பேச்சுக்குப் பூ ஆறு மாதத்தில் விழுந்தது. அதற்குள் யாழினி பட்ட பாடு கொஞ்சமில்லை. உதட்டைப் பார்க்கக்கூடாது என்று அவள் அட்டையால் வாயை மறைத்தால், வசந்தாமணி பின்னாலிருந்த பீரோக் கண்ணாடியில் பார்த்துவிடுவாள். பீரோவுக்குத் துணி போட்டால், யாழினியின் தொண்டை அசைவதைப் பார்ப்பாள். கடைசியில் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் பாடம் நடந்தது. வாத்து மெல்ல அப்புசாமியானது. போனில் பேசினாள். பிரவீனாவின் புதுச்சேலையைப் பற்றி நிஜமான ரகசியக் குரலில் வேறு யாரிடமோ பேசினாள்.

பாட்டுக்கு மட்டும் பூ விழவில்லை. பேச்சில் சொல் பிடிபட்டால் போதும். பாட்டில் ஏற்றமும் இறக்கமும் அல்லவா பாட்டு? அவை இரண்டும் அவளுக்கு ஒரே தகரத்தில் அடித்தது போலக் கேட்டன. தாளம் மட்டும் துல்லியமாக விழுந்தது. ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கிருத்திகா புதுப்பாட்டு போட்டாள். அப்புசாமி பழைய பாட்டு போட்டார். சங்ககிரியிலிருந்து ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர் ஒருவர், எட்டு வயலினும் நாலு டிரம்முமாக ஒன்றைப் போட்டு, “இது எப்படிங்க?” என்று புருவத்தை உயர்த்தினார்.

“இது ரெண்டு கொழாய்ங்க,” என்றாள் வசந்தாமணி.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வள்ளி கும்மி வந்தது. பக்கத்து ஊரெல்லாம் ஆடிவிட்டது, நம் ஊர் மட்டும் ஆடாமல் இருக்கிறது என்கிற மானப்பிரச்சினையில் கோயில் கமிட்டித் தலைவர் தங்கமுத்து, சபரிநாதன் என்கிற வாத்தியாரைப் பிடித்துவந்தார். சனி, ஞாயிறு சாயங்காலப் பொழுதோடு பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி. மாரியம்மன் நோம்பிக்கு அரங்கேற்றம். நூற்றெண்பது பேர் பெயர் கொடுத்தார்கள். வசந்தாமணியும் கொடுத்தாள்.

“பாட்டே கொழாயின்னுட்டு, கும்மிக்கு எதுக்கு?” என்றார் அப்புசாமி.

“கேக்காட்டிப் போகுது. ஒரு பாட்டுக்குள்ள போயி நிக்கலாமல்ல?” என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் சண்டை இல்லை.

சபரிநாதனுக்கு வயது முப்பத்தைந்து, குரலுக்கு மட்டும் எழுபது. வட்டத்தின் நடுவில் மைக்கை விழுங்குவது போலப் பிடித்துக்கொண்டு, “வலக்காலு! வலக்காலு! அட, வலக்காலுன்னா சோறு திங்கற கைப் பக்கத்துக் காலுங்க!” என்று கத்துவார். அவருடைய ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாட்டின் கடைசிச் சொல்லையும் இழுப்பார். மேலே ஏற்றி இழுத்தால் எல்லோரும் இடப்பக்கம் திரும்பவேண்டும். கீழே இறக்கி இழுத்தால் வலப்பக்கம். வாயைத் திறந்து “திரும்புங்க” என்று சொல்வது வாத்தியாருக்கு அழகில்லை என்பது அவர் கொள்கை.

ஏற்றமும் இறக்கமும் தெரியாத ஒருத்திக்கு உலகத்தில் இதைவிட மோசமான வாத்தியார் கிடைக்கமாட்டார்.

கைத்தட்டும் காலடியும் தறி போலத் துல்லியமாகக் கேட்டன. பாட்டு மட்டும் ஒலிபெருக்கி வழியாகக் குழாய் குழாயாக வந்தது. உதட்டைப் பார்க்கலாமென்றால் மைக்கின் பஞ்சு மறைத்தது. முதல்நாள் மூன்றாவது திருப்பத்தில் நூற்றெழுபத்தொன்பது பேர் இடப்பக்கம் போக, வசந்தாமணி வலப்பக்கம் போனாள். பிரவீனா மேல் மோதி, பிரவீனா பின்னாலிருந்தவள் மேல் சாய்ந்து, பதினோரு பேர் சோளத்தட்டு சரிவது போலச் சரிந்தார்கள்.

“ஏனக்கா,” என்று அடியிலிருந்து பிரவீனா கத்தினாள், “டவுன்பஸ்ஸு கூடத் திரும்பறப்பக் கையக் காட்டுமல்ல!”

அடுத்த வாரமே வாத்தியார் அவளைக் கடைசி வட்டத்தின் கடைசியில் நிறுத்தினார்.

விஷயத்தைக் கேட்ட யாழினி, தீப்பெட்டி அளவுக்கு ஒரு குட்டி மைக்கைக் கொடுத்தாள். அதை வாத்தியாரின் சட்டையில் குத்திவிட்டால் அவர் குரல் மட்டும் மைதானத்து இரைச்சல் இல்லாமல் நேரே வசந்தாமணியின் மெசினுக்கு வந்துவிடும். கூடவே ஒரு வைத்தியமும் சொன்னாள்.

“நூறு பாட்டு கேக்காதீங்கம்மா. வாத்தியமெல்லாம் வேண்டாம். ஒரே பாட்டு, ஒரே குரல், வார்த்தையெல்லாம் மனப்பாடமாத் தெரிஞ்சது. தினமும் அதையே கேளுங்க.”

வசந்தாமணி வாத்தியாரின் பாட்டைப் போனில் பதிந்துகொண்டு, காலையில் தறி ஓட்டுவதற்கு முன் அரைமணி நேரம், மதியம் தறி நிற்கிறபோது அரைமணி நேரம் என்று நாலு மாதம் கேட்டாள். ஆட்டுக்குட்டிகூட அந்தப் பாட்டுக்குத் தலையாட்டத் தொடங்கியது. அப்புசாமி அந்த நேரங்களில் காட்டுக்குப் போய்விடுவார். காட்டில் வேலை இருந்ததோ இல்லையோ.

ஒருநாள் காலை அவள் சின்னவெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாட்டின் கடைசிச் சொல் வந்தது. ஏறியது.

கத்தியைக் கீழே வைத்தாள். திரும்பப் போட்டாள். ஏறியது. இன்னொரு முறை. ஏறியது. கழுத்தைத் தூக்கிப் பார்க்கிற கொக்கு போல, சன்னமாக, இருந்த இடத்திலிருந்து ஒரு படி மேலே போய் நின்றது. வெங்காயம் உரிக்கிற பெண்ணின் கண்ணீரை யாரும் விசாரிக்கமாட்டார்கள்; அது வசதியாக இருந்தது.

“ஏனுங்க! இங்க வாங்க. இது ஏறுதா, எறங்குதா?”

அப்புசாமி கதவோரம் நின்றபடியே கேட்டார். “எனக்கென்ன புள்ள தெரியும்?”

“ஏறுதுன்னு சொல்லுங்க.”

“ஏறுது.”

“நாஞ் சொல்லி நீங்க சொல்றதுக்கு நானே சொல்லிக்குவேன்!”

கிருத்திகாதான் ஒழுங்காகச் சோதித்தாள். பாட்டுகளின் கடைசிச் சொற்களைக் கலைத்துக் கலைத்துப் போட்டாள். அம்மா பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னாள். அவற்றைக் காது சொன்னதா, நாலு மாதம் மனப்பாடம் செய்த மூளை சொன்னதா என்று யாழினியிடம் கேட்டபோது, “ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பயிற்சியில் வசந்தாமணி பதினாறு திருப்பங்களில் பதினாறும் சரியாகத் திரும்பினாள். பிரவீனா கவனித்துவிட்டு, ஆட்டம் நின்றதும் வந்து இடுப்பில் கிள்ளினாள். வாத்தியார் கவனிக்கவில்லை. கடைசி வட்டத்தின் கடைசியில் நிற்பவளை எந்த வாத்தியார் பார்க்கிறார்?

இடைவேளையில் டீயும் பஜ்ஜியும் வந்தன. சபரிநாதன் பெரிய மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு, சட்டையில் குத்தியிருந்த குட்டி மைக்கை மறந்துவிட்டுப் போனார்.

பெண்களுக்கு நடுவில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த வசந்தாமணியின் தலைக்குள் ‘சர்ர்ர்ர்’ என்று வாத்தியார் டீ உறிஞ்சினார். பஜ்ஜி மென்றார். ஏப்பம் விட்டார், அது ஒலிபெருக்கியில் வந்திருந்தால் வானவேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். பிறகு போன் அடித்தது. “ஆமாங்... இல்லீங்... வந்தர்றேனுங்... தோசமாவு வாங்கியாறேனுங்...” மைதானத்தில் சிங்கமாகக் கர்ஜித்த குரல் வீட்டுக்கு வெள்ளாட்டுக்குட்டியாக இருந்தது.

“என்னக்கா, தனியாச் சிரிச்சுக்கற?” என்றாள் பிரவீனா.

“வாத்தியாரு பஜ்ஜியில மொளகாயக் கடிச்சுட்டாரு.”

பிரவீனா சுற்றிலும் பார்த்தாள். வாத்தியார் கண்ணுக்கெட்டவே இல்லை. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போயிருந்தார். அங்கே தனியாக நின்று மூன்றாம் பாட்டின் கடைசிச் சொல்லைப் பாடிப்பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஏறவேண்டிய இடம் அது. ஏறினார், பாதியில் குரல் உடைந்தது. இரண்டாம் முறை சேவல் போல் உடைந்தது. மூன்றாம் முறை அந்தச் சேவலுக்குச் சளி பிடித்திருந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் அவர், “கையத் தட்டு! நல்லாத் தட்டு!” என்று கூட்டத்தைக் கிளப்பிவிடுவது எதற்காக என்று வசந்தாமணிக்கு அப்போதுதான் புரிந்தது.

சிரித்துக்கொண்டே கேட்டவளின் தலைக்குள் அடுத்து தங்கமுத்துவின் குரல் நுழைந்தது.

“எல்லாம் சரியா வந்துருமுங்களா வாத்தியாரே?”

“வந்துருமுங்க. அந்த மெசின் அக்கா ஒண்ணுதான். அன்னைக்குப் பதினோரு பேரச் சாச்சுப்போட்டுது. அரங்கேத்தத்துல உட்டா மானம் போயிருமுங்க. பேசாம ஒரு சால்வையப் போத்தி, ரெண்டு வார்த்தை பெருமையாச் சொல்லி, மெசின் அக்காவ ஓரமா உக்கார வெச்சுருங்க. அதும் சந்தோசப்பட்டுக்கும்.”

“அதுஞ் செரிதானுங்.”

டீ ஆறிப்போனது. வசந்தாமணி எழுந்துபோய், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னாலிருந்து திரும்பிவந்த வாத்தியாரின் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிக்கொண்டாள்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்புசாமி, “சால்வை நல்லதுதான புள்ள? மார்கழிக்கு ஆகும்” என்றார். வசந்தாமணியின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. “இருவத்தேழு வருசம் அந்தத் தறிக்குள்ள யாருங் கேக்காமப் பாடுனேன்,” என்றாள். “இப்பத்தான் எனக்கே கேக்குது. இப்பப் போயி ஓரமா உக்காருங்கறான்.” அப்புசாமி தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அரங்கேற்ற நாளில் கோயில் திடல் முழுக்கக் கிளிப்பச்சைச் சேலை. தங்கமுத்து மேடையில் மைக்கைப் பிடித்து, கட்சிக் கூட்டத்துக் குரலை எடுத்தார்: “குறையை வென்ற... குன்றாத மன உறுதி கொண்ட... நம்ம ஊர் வீரமங்கை...!”

வசந்தாமணி ஏறினாள். சால்வை போர்த்தினார்கள். ஓரத்தில் ரோஜாப்பூ ஒட்டிய நாற்காலி காத்திருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டு வார்த்தைதான் பேசினாள்.

“ரொம்ப நன்றிங்க.”

இறங்கினாள். சால்வையை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். நேராக வாத்தியாரிடம் போய், “சித்த குனியுங்க சாமி” என்று குட்டி மைக்கை அவர் சட்டையில் குத்தினாள். இரண்டாயிரம் பேர் பார்க்கும்போது வேண்டாமென்று எப்படிச் சொல்வது? சபரிநாதன் குனிந்தார். முதல் வட்டத்தில் பிரவீனா தன் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தாள். “வாக்கா. திரும்பறப்ப மட்டும் கையக் காட்டு.”

முதல் பாட்டு இறங்கியது. வலப்பக்கம். இரண்டாம் பாட்டு ஏறியது. இடப்பக்கம். நூற்றெண்பது பேரும் ஒரே தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா போலப் போய்வந்தார்கள். மூன்றாம் பாட்டின் கடைசிச் சொல் நெருங்கியது. வாத்தியார், “கையத் தட்டு! நல்லாத் தட்டு!” என்று கத்தினார். திடல் அதிர்ந்தது. எல்லோருக்கும் கைத்தட்டு கேட்டது. வசந்தாமணிக்கு மட்டும், அவர் தொண்டை பாதிப்படியில் வழுக்குவது நேரே மண்டைக்குள் கேட்டது.

அவள் வாயைத் திறந்தாள். தறிக்கூடத்துக் குரல். ஆறு தறியை மீறிப் பாடிய குரலுக்கு நூற்றெண்பது பேரின் கைத்தட்டு எந்த மூலைக்கு? வாத்தியார் விட்ட இடத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்து மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். சரியான இடத்தில்தான் நிறுத்தினாளா என்பதில் ஊரில் இன்றும் இரண்டு கட்சி. பிரவீனா சரி என்கிறாள். கிருத்திகா அரைப்படி குறைவு என்கிறாள். அப்புசாமி தான் அப்போது சுண்டல் வாங்கப் போயிருந்ததாகச் சொல்கிறார். ஆனால் நூற்றெண்பது பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள். ஒருத்திகூடச் சரியவில்லை.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைகிறபோது, சபரிநாதன் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். தங்கமுத்து பக்கத்திலேயே நின்றார். வாத்தியார் குரலில் பழைய பரிவு அப்படியே இருந்தது.

“நல்லா ஆடுனீங்கக்கா. மூணாம் பாட்டுலதான் நீங்க பாட்டுக்குக் கத்திப்போட்டீங்க. பரவாயில்லீங்க. மெசின்ல பாட்டு சரியாக் கேக்குலீங்களாட்ட இருக்குது.”

வசந்தாமணி இடுப்பிலிருந்த சால்வையை அவிழ்த்து, நாலாக மடித்து, அவர் கையில் வைத்தாள்.

“நல்லாக் கேட்டுது சாமி. பாட்டுங் கேட்டுது, மூணாம் பாட்டுல மேல ஏற மாட்டாம நீங்க கையத் தட்டச் சொல்லித் தப்பிச்சதுங் கேட்டுது, தண்ணித்தொட்டிக்குப் பின்னால நின்னு மூணு வாட்டி ஏறிப்பாத்து வழுக்கி உழுந்ததுங் கேட்டுது, ‘மெசின் அக்காவ ஓரமா உக்கார வெச்சுருங்க’ன்னதுங் கேட்டுது. அடுத்த நோம்பிக்கு அந்த எடம் வந்தா நாம் பாடிக்கறேன், நீங்க செரமப்படாம ஓரமா உக்காருங்க. நாற்காலி பூவோட அங்கியே கெடக்குது, சால்வை இந்தாங்க, போறப்ப மறக்காம தோசமாவு வாங்கிட்டுப் போங்க.”